புதுச்சேரியில் ஸ்கூபாவும் குடும்ப விடுமுறையும்: கடற்கரை ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கூபா டைவிங்கை மனதில் வைத்துப் புதுச்சேரிக்குக் கிளம்பும் குடும்பங்கள் பலவும் முதலில் அறையைப் பிடித்துவிடுகின்றன. கடல் பார்த்த பால்கனி, நீச்சல் குளம், காலைச் சாப்பாடு சேர்த்து என்று பார்த்து அட்வான்ஸ் கட்டியபிறகுதான் டைவிங் எங்கே என்ற விசாரிப்பே தொடங்குகிறது. வந்து இறங்கினால் ரிசார்ட்டுக்கு முன்னால் கருங்கல் கொட்டிய கரை. படகு கிளம்புவது ஊருக்கு மறுபக்கம். விடிகாலையில் அங்கே நிற்க வேண்டும். ரிசார்ட்டில் இட்லி எட்டு மணிக்குத்தான். அப்பா கடலுக்குள் போயிருக்கும் ஐந்து மணி நேரமும் பாட்டியும் பிள்ளைகளும் அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இதெல்லாம் வராது. முதலில் கடல் இடம்கொடுக்கும் தேதி, பிறகு டைவ் சென்டரும் படகு கிளம்பும் இடமும், அதன்பிறகு கரை. அறை கடைசி.

இன்னொரு கணக்கையும் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஒரு டைவில் தண்ணீருக்கடியில் இருப்பது ஏறக்குறைய 30 முதல் 45 நிமிடம். இரண்டு டைவ் சேர்த்தாலும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. ஆனால் அதற்காக ஒருவர் வெளியே இருப்பது அரை நாள். ஆகவே டைவ் சென்டர் கடலுக்குள் போகிறவருக்கு, ரிசார்ட் கரையில் காத்திருப்பவர்களுக்கு. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் பாதி முடிவுகள் தாமாக விழும்.

இந்தக் கடலின் குணம்

புதுச்சேரியிலோ கடலூரிலோ கரையிலிருந்து நடந்துபோய் டைவ் செய்ய முடியாது. கரையோரம் முழுக்க மணல், அலை, கலங்கல். பாறைத்திட்டுகள் இருப்பது வெளியே. அதனால் இங்கே எல்லாமே படகு டைவிங்தான். "எங்கள் ரிசார்ட் வாசலிலேயே ஸ்கூபா" என்று விளம்பரம் வந்தால், அது நீச்சல் குளத்தில் சிலிண்டர் மாட்டிப் படம் எடுக்கும் ஏற்பாடாக இருக்கலாம். குழந்தைகளுக்கு அது நல்ல அனுபவம்தான். கடல் டைவிங் என்று நினைத்துப் பணம் கட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் அதிகம் பேசப்படும் இடம் டெம்பிள் ரீஃப். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில், மனிதர்கள் அமைத்த செயற்கைத் திட்டு. அதற்கு வெளியே இயற்கையான பாறைத்திட்டுகளும் சுவர்போல இறங்கும் சரிவுகளும் உண்டு. அவை கூடுதல் ஆழம், பயிற்சி பெற்றவர்களுக்கானவை. களவா, சங்கரா, பாறை மீன் கூட்டம், சீலா, விலாங்கு, திருக்கை எல்லாம் இங்கே கண்ணில் படக்கூடியவை. அந்தமான் படங்களைப் பார்த்துவிட்டு வண்ணப் பவளத் தோட்டத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். மீன் கூட்டத்தைப் பார்க்க வருகிறவர் நிறைவாகத் திரும்புவார்.

கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம். சான்றிதழ் இல்லாமல் முதல்முறை இறங்குபவருக்கு உச்ச எல்லை 12 மீட்டர். டெம்பிள் ரீஃபின் தரை 18 மீட்டர். ஆக, அவர் திட்டின் மேல்பகுதியை மட்டுமே பார்ப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் அதுவே கொண்டாட்டம். கலங்கலாக இருந்தால் பச்சைப் புகைக்குள் மிதந்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும். முதல்முறைக்காரருக்குத்தான் தெளிவான தண்ணீர் அதிகம் தேவைப்படுகிறது. அதனால்தான் தேதி முதலில் வருகிறது.

தேதி

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம்பிக்கையான காலம். வாடைக்காற்று அடங்கி, ஆறுகளின் செம்மண் படிந்து, கடல் தெளிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்திலேயே நிற்பதால் கடலில் நெரிசல் குறையும். மே மாதம் டைவருக்கு ஒத்துவந்தாலும், கரையில் காத்திருக்கும் முதியவர்களுக்குப் பகல் 11-லிருந்து 4 வரை வெயில் தாங்காது.

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். மதியத்துக்குமேல் கடற்காற்று எழுந்து அலையைக் கிளப்பும். இந்த மாதங்களில் முதல் படகைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும் மறுபடியும் நல்ல நாட்கள்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை டைவிங்கை நம்பித் திட்டம் போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி மூன்றும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும். புயல்களின் வரலாறும் அப்படி: 2011 டிசம்பர் 30-இல் தானே, 2020 நவம்பர் கடைசியில் நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் மூன்றுமே புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தன. பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் விழுவதால் நிறையக் குடும்பங்கள் அப்போதுதான் வருகின்றன. வரலாம், ஊர் அழகாகவே இருக்கும்; டைவ் நடந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டு வர வேண்டும். ஜனவரி மாதம் நல்ல காலத்துக்கும் மோசமான காலத்துக்கும் நடுவில். பொங்கலை ஒட்டிய வாரத்தில் அலை அடங்கியிருந்தாலும் தண்ணீர் தெளியாமல் இருக்கலாம்.

தேதி குறிக்கும்போது ஊர்த் திருவிழாக்களையும் பாருங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் வந்து சேரும். கடலூர் தேவனாம்பட்டினத்திலும் அன்று அதே கூட்டம். ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம். அந்தப் பக்கச் சாலையில் காலை ஆறு மணிக்குக்கூட வண்டி நகராது. திருவிழாவைப் பார்க்கவே வருவது வேறு. டைவுக்கு வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். முதல் முழு நாள் டைவுக்கு, இரண்டாம் நாள் அது ரத்தானால் மாற்றுக்கு. சனி வந்து ஞாயிறு திரும்பும் திட்டத்தில் கடல் ஒருநாள் முறைத்தால் எல்லாம் போச்சு.

யார் இறங்கலாம்

அறை எத்தனை, எந்த மாதிரி என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கடலில் அறிமுக டைவுக்குக் குறைந்தபட்ச வயது 10. 8, 9 வயதுக் குழந்தைகள் நீச்சல் குளத்தில் 2 மீட்டர் ஆழம்வரை சிலிண்டரோடு மூச்சுவிட்டுப் பார்க்கலாம். 10 வயது நிரம்பியதாலேயே இறக்கிவிட வேண்டும் என்றில்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் பதறாமல் நிற்கிற குழந்தையா, சொன்ன சைகையைப் பிடித்துக்கொள்கிற குழந்தையா என்று பாருங்கள். பயப்படுகிற பிள்ளையை "ஒண்ணும் ஆகாது" என்று சமாதானப்படுத்தி இறக்குவது தவறு. பயம் வந்தால் மேலே பாய்வார்கள். மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல இரு மடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது ஸ்கூபாவின் முதல் பாடமாக இருப்பது இதனால்தான்.

கர்ப்பிணிகள் இறங்கக் கூடாது. வீசிங், வலிப்பு, இதய நோய், நெஞ்சு அல்லது காது அறுவை சிகிச்சை, சர்க்கரைக்கு இன்சுலின், தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவப் படிவத்தில் "ஆம்" என்று எழுத வேண்டும். அதன்மேல் டாக்டர் கையெழுத்து வேண்டும். புதுச்சேரிக்கு வந்தபிறகு கையெழுத்துக்கு அலைய முடியாது. படிவத்தை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே வாங்கி, உங்கள் ஊர் டாக்டரிடமே காட்டிவிடுங்கள். கட்டிய பணம் போய்விடுமே என்று "இல்லை" என எழுதுவது உயிரோடு விளையாடுவது.

சளி இருந்தால் அந்த நாள் டைவ் கிடையாது. காதுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழாய் அடைத்திருந்தால் அழுத்தம் சமனாகாது, செவிப்பறை கிழியலாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் நல்லதல்ல. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும் வழியில் காற்று வெளியேற முடியாமல் வலி தாக்கும்.

நீச்சல் தெரியாதவர்களும் அறிமுக டைவ் செய்யலாம். இன்ஸ்ட்ரக்டர் கையை விடமாட்டார். ஆனால் தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிறவருக்கு முதல்நாள் குளத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

டைவ் சென்டரும் படகும்

படகு எங்கிருந்து கிளம்புகிறது என்பதை முதலில் கேளுங்கள். துறைமுகப் பக்கத்திலிருந்தா, கடற்கரை மணலிலிருந்து அலையைத் தாண்டித் தள்ளி ஏறுவதா? மணலிலிருந்து ஃபைபர் படகில் ஏறுவது இளைஞர்களுக்கு விளையாட்டு. முட்டி வலி உள்ளவருக்கும் குழந்தைக்கும் அதுவே நாளின் ஆபத்தான நேரம். சென்டரின் அலுவலகம் ஒரு இடத்தில், படகு இன்னொரு இடத்தில் இருப்பது சகஜம். ரிசார்ட்டின் தூரத்தைப் படகு கிளம்பும் இடத்திலிருந்து கணக்கிடுங்கள்.

அடுத்து, யார் கூட இறங்குவார்? முதல்முறைக்காரரைக் கடலுக்குள் அழைத்துப் போக வேண்டியவர் பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற பன்னாட்டு டைவிங் பயிற்சி அமைப்பின் நடப்புச் சான்று உள்ள இன்ஸ்ட்ரக்டர். அவருக்கு அடுத்த நிலையில் உள்ள டைவ்மாஸ்டர் அவருக்கு உதவலாம். சான்றிதழ் உள்ளவர்களுக்கு வழிகாட்டலாம். உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி அந்த அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை. நம் கடலின் தெளிவுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு இரண்டு புதியவர்களே அதிகம். குழந்தைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று கேளுங்கள், கூடுதல் பணம் கேட்டாலும் கொடுங்கள். விடுமுறைச் செலவில் இதைவிட நல்ல செலவு கிடையாது.

நேரில் போனால் பார்க்க வேண்டியவை சில. சிலிண்டரின் கழுத்தில் அழுத்தச் சோதனைத் தேதி பொறித்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். காற்றுக்கு வாசனையோ ருசியோ இருக்கக் கூடாது. எண்ணெய் நாற்றமோ டீசல் புகை வாடையோ வந்தால் அங்கே டைவ் செய்யாதீர்கள். சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரசரின் காற்று இழுக்கும் குழாய் ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும்; ஆழத்தில் அதன் பாதிப்பு பல மடங்கு. அது வாசனையற்ற வாயு என்பதால், குழாய் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடுவது மேல். பிறகு மாஸ்க். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். குழந்தை முகத்துக்கு ஏற்ற சின்ன மாஸ்க் இருக்கிறதா என்று முதல்நாளே போட்டுப் பாருங்கள். தாடி மீசை வைத்தவர்களுக்கு மீசைக்கடியில் தண்ணீர் கசியும்; கொஞ்சம் வாஸ்லீன் தடவிக்கொள்ளலாம்.

படகில் அவசர ஆக்சிஜன் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, வயர்லெஸ், குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட், டைவர்கள் கீழே இருக்கும்போது படகிலேயே இருக்கும் ஓட்டுநர் ஆகியவை இருக்க வேண்டும். அறுந்த வலைகள் திட்டுகளில் சிக்கிக் கிடப்பதால் வழிகாட்டியிடம் வலை அறுக்கும் கத்தி இருப்பதும் அவசியம். டைவருக்கு மூட்டுவலி, மரமரப்பு, தலைச்சுற்றல் வந்தால் எந்த அழுத்த அறைக்கு (உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் தரும் சிகிச்சை அறை), யார் மூலம் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். நல்ல சென்டர் யோசிக்காமல் பதில் சொல்லும். முதல் சிகிச்சைக்கு கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது என்பது புதுச்சேரியின் பெரிய பலம்.

மழை, காற்று காரணமாக ரத்தானால் பணம் திரும்ப வருமா, மறுநாளுக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடலைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்று சொல்லத் தயங்காத சென்டர்தான் உங்களுக்குத் தேவை. அதற்குத் தடையாகப் பணவிவகாரம் நிற்கக் கூடாது.

எந்தக் கரை

இந்தக் கடலோரத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். ஆண்டின் பெரும்பகுதி இங்கே மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் கட்டியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களே இன்றைய ராக் பீச். வடக்கே ஒவ்வொரு கிராமமாக அரிப்பு நகர, கல்லும் தொடர்ந்து போனது.

இதன் நேரடிப் பலன்: வடக்கே கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், காலாப்பட்டு வரிசையில் இருக்கும் ரிசார்ட்டுகளில் தோட்டமும் மரமும் அமைதியும் அருமை, ஆனால் "பீச் ரிசார்ட்" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். சில இடங்களில் மணல் நன்றாக இருக்கும், சில இடங்களில் வேலி தாண்டினால் நேரே கல்லும் அலையும். ஒரு பருவத்தில் இருந்த மணல் அடுத்த பருவத்தில் காணாமல் போவதும் உண்டு. இந்த மாதம் எடுத்த கடற்கரை வீடியோ கேளுங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய படம் பயன்படாது. ஆரோவில், அலைச்சறுக்கு என்று ஆர்வம் உள்ள வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இந்தப் பக்கம் பொருந்தும்.

ஊருக்குள் ஒயிட் டவுனில் தங்கினால் குளிக்கக் கடல் இல்லை. தலைமைச் செயலகம் எதிரே நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் மணல் திரும்ப வந்திருப்பது உண்மை. மாலையில் குழந்தைகள் விளையாடலாம், குளிக்கும் கரையாக அதை எடுக்க வேண்டாம். ஆனால் துறைமுகம் பக்கத்தில், மருத்துவமனை பக்கத்தில், தாத்தா பாட்டிக்கு நடக்க நீண்ட கடற்கரைச் சாலை, நூறு விதச் சாப்பாடு. டைவர் ஒருவர், முதியவர் இருவர் என்ற குடும்பத்துக்கு இதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்றால் தெற்கு. வீராம்பட்டினம், சின்ன வீராம்பட்டினம், நோணாங்குப்பம், பூரணாங்குப்பம், மணப்பட்டு வழியாக மூர்த்திக்குப்பம்வரை அகலமான மணல். சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் பீச் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. உடை மாற்றும் இடம், குளியல், காவலர் என்று குடும்பத்தோடு நாள் கழிக்கத் தோதான இடம். சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமிலிருந்து படகில் போகும் பாரடைஸ் பீச் பார்க்க அழகு, ஆனால் அது முகத்துவாரத்தை ஒட்டிய கரை. நீரோட்டம் வலுவாக இருக்கும். கால்களை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கில் தங்கி வடக்கே படகைப் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு இடைஞ்சல் உண்டு. தவளக்குப்பம், அரியாங்குப்பம் பாலம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் சந்திப்புகள். விடிகாலையில் பதினைந்து இருபது நிமிடத்தில் தாண்டும் தூரம், எட்டரை மணிக்கு ஒரு மணி நேரத்தை விழுங்கும். முதல் படகு எடுத்தால் பிரச்சினை இல்லை. இரண்டாவது படகு என்றால் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலூர் புதுச்சேரியிலிருந்து 22 கிலோமீட்டர் தெற்கே. தேவனாம்பட்டினத்தின் சில்வர் பீச் நீளமான, கலகலப்பான, நம் ஊர்க் குடும்பங்கள் நிறைந்த கரை. செலவு குறைவு, வாரக்கடைசிக் குடிக் கூட்டம் குறைவு. பிச்சாவரம் சதுப்புநிலக் காடும் சிதம்பரமும் ஒரே நாளில் போய்வரலாம். டைவ் ஒரே ஒரு காலை, மற்றதெல்லாம் குடும்பம் என்றால் கடலூரில் தங்கி அதிகாலை ஐந்துக்குக் கிளம்பி வருவது நடக்கிற காரியம்தான். நான்கு நாள் பயிற்சி வகுப்பு எடுப்பவருக்கு அது ஒத்துவராது. இரண்டாம் நாளே சலித்துவிடும்.

எந்தக் கரையானாலும் ஒரு பாடம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல் அமைதியாக, கலங்கல் நிறத்தில், நுரை கடலை நோக்கிப் போவதுபோலத் தெரிந்தால் அதுதான் இழுப்பு. பாதுகாப்பான இடம் என்று நினைத்துக் குழந்தைகள் இறங்குவதும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து பிறகு திரும்ப வேண்டும். ஆற்று முகத்துவாரத்திலும் கல் தடுப்புகளின் பக்கத்திலும் இழுப்பு அதிகம்.

அறை

இப்போதுதான் அறை. குளத்தைப் பற்றி விரிவாகக் கேளுங்கள்: குழந்தைகள் பகுதி தனியாக உள்ளதா, ஆழமான பகுதி எவ்வளவு, காவலர் எந்த நேரம்வரை, மாலையில் எப்போது மூடுகிறார்கள். டைவ் சென்டர் தன் பயிற்சியை உங்கள் ரிசார்ட் குளத்தில் நடத்த அனுமதி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். 1.5 மீட்டர் ஆழம் இருந்தாலே முதல் பாடங்களுக்குப் போதும். பயிற்சி அங்கேயே நடந்தால் குடும்பம் மொத்தமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். தயங்கும் பிள்ளைக்கு அதுவே பாதி தைரியம்.

தரைத்தள அறை எடுங்கள். சிலிண்டர் சுமந்து வந்த முதுகுக்கும் முதியவரின் முட்டிக்கும் நல்லது. ஈர உடை காயப் போட வெயில் படும் கொடியும், வெளியே ஒரு குழாயும் வேண்டும். குளியலறைத் தரை வழுக்குகிறதா, சுடுதண்ணீர் விடிகாலை ஐந்துக்கு வருமா, மின்சாரம் போனால் ஏசி ஜெனரேட்டரில் ஓடுமா, பால்கனிக் கம்பிகளின் இடைவெளியில் சின்னக் குழந்தையின் தலை நுழையாதா?

இன்னொன்று, புதுச்சேரிக்கே உரியது. வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மதியம்வரை சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் நண்பர் கூட்டம் வரும். ரிசார்ட்டில் டிஜே உண்டா, எத்தனை மணிவரை, குளத்தருகே மது பரிமாறுகிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரவு ஒரு மணிவரை ஸ்பீக்கர் அலறினால் ஐந்து மணிக்கு எழுந்து டைவுக்குப் போக முடியாது. முடிந்தால் திங்கள் முதல் வியாழன்வரை வாருங்கள். அமைதியும் கிடைக்கும், வாடகையும் இறங்கும், படகிலும் கூட்டம் இருக்காது. வாடகையில் இன்னொரு கணக்கு: ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குக் கீழே வரி குறைவு. 7,800 ரூபாய் அறைக்கும் 7,400 ரூபாய் அறைக்கும் பில்லில் வரும் வித்தியாசம் 400 ரூபாயோடு நிற்காது.

போன் செய்யும்போது வரவேற்பறையில் இந்த வரிசையில் கேளுங்கள்:

1. காலை ஐந்தரைக்கு எடுத்துப்போகும்படி இட்லி, வாழைப்பழம் கட்டித் தருவீர்களா?
2. அந்த நேரத்துக்கு ஆட்டோவோ காரோ உறுதியாகக் கிடைக்குமா?
3. கடற்கரைக்கு நேர் வழியா, சாலையைக் கடக்க வேண்டுமா? இப்போது மணல் எவ்வளவு அகலம்?
4. புயல் எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவீர்களா?
5. கடைசி நாள் டைவ் முடிந்து மதியம் ஒரு மணிக்கு வந்தால் குளித்து உடை மாற்ற இடம் உண்டா?

இரண்டாவது கேள்விக்கு "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வண்டியை நீங்களே முதல்நாள் பேசி வையுங்கள்.

டைவுக்கு முந்தைய நாளும் அந்தக் காலையும்

முந்தைய நாள் மாலை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். புதுச்சேரி, கடலூர் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், ஒன்றாம் எண்ணாக இருந்தாலும் டைவ் பேச்சை விட்டுவிடுங்கள். கரையில் வெயில் அடித்தாலும் வெளியே அலை வந்துகொண்டிருக்கும்.

அன்றிரவு மது வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால், கரைந்த நைட்ரஜன் குமிழியாகி வரும் டைவிங் நோய்க்கு இடம் கொடுத்ததாகும். மசாலா தூக்கலான இறால் தொக்கையும் டைவ் முடிந்த மதியத்துக்கு ஒத்திவையுங்கள். காலையில் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். பூரியும் பொங்கலும் அலையில் மேலே வரும். வெறும் வயிறும் குமட்டும். வாந்தித் தடுப்பு மாத்திரைகள் பலவும் தூக்கத்தைக் கொடுப்பவை; டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். படகில் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே, இன்ஜின் புகை வராத பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். மொபைலைப் பார்த்தால் நிச்சயம் வாந்தி.

இறங்கும்போது காது வலித்தபிறகு மூக்கைப் பிடித்து ஊதினால் தாமதம். தலை நனைந்ததுமே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை மென்மையாக ஊதுங்கள். முதல் 5 மீட்டரில்தான் அழுத்தம் விகிதத்தில் வேகமாக ஏறுகிறது. அடைத்தால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று கைகாட்டிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலிண்டரில் 200 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) தொடங்கினால் 50 பார் மீதமிருக்கும்போது மேற்பரப்புக்கு வந்திருக்க வேண்டும். வரும் வழியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம்.

கரையில் இருப்பவர்களுக்கு டைவர் திரும்பும் நேரத்தைச் சொல்லி, அதற்குமேல் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இடைவேளைக்கு ஒரு வேலையும் வையுங்கள். தெற்கே தங்கியிருந்தால் ஈடன் பீச், பிறகு காக்காயந்தோப்பில் ரோமானியர் வணிகம் நடந்த அரிக்கமேடு. ஊருக்குள் என்றால் தாவரவியல் பூங்கா. வெயில் ஏறும் முன் முடியும்படி இருக்கட்டும்.

திரும்பும் பயணம்

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டைவ் முடிந்தபின் உடம்பில் கூடுதல் நைட்ரஜன் கரைந்திருக்கும். உடனே உயரமான இடத்துக்குப் போனால் அது குமிழியாகும். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ்களோ பல நாள் டைவோ என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். விமானத்துக்கு இந்த விதி பலருக்குத் தெரியும். காருக்கும் உண்டு என்பது தெரியாது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். ஞாயிறு காலை இரண்டு டைவ் முடித்து மதியம் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு ஏறுவது தவறான திட்டம். சனிக்கிழமை காலை டைவ், ஞாயிறு காலை கடற்கரையும் கோயிலும், மதியத்துக்குமேல் கிளம்புவது என்று வைத்தால் 24 மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். சென்னை, விழுப்புரம், திருச்சி, தஞ்சைப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, எல்லாம் சமவெளி.

வீடு திரும்பி ஒரு நாளுக்குள் டைவ் செய்தவருக்கு மூட்டுவலி, தோலில் திட்டு, கை கால் மரமரப்பு, காரணமில்லாத கடும் சோர்வு வந்தால் பயணக் களைப்பு என்று படுக்கப் போகவிடாதீர்கள். ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போய், எந்த ஆழம், எத்தனை டைவ், எப்போது முடிந்தது என்று சொல்லுங்கள். இந்த மூன்று எண்களையும் படகிலிருந்து இறங்கியதுமே வீட்டில் இன்னொருவரின் மொபைலில் குறித்து வைத்திருங்கள்.